மூதூர் லோஞ்சும் பெயரில்லாத பின்னூட்டமும்

இன்று எழுத நினைத்தவை:
1. இறங்குதுறையில் நடந்தது.
2. பெயரில்லாத பின்னூட்டங்களை நான் வெளியிடாதது சரி என்பது.

மூதூருக்குப் போகும் பயணிகள் படகான லோஞ்சு இன்று ஓடும் என்று இந்த வலைப்பக்கத்தில் எழுதியிருந்தேன். ஓடவில்லை.

துறையில் பையோடு நின்ற ஒரு உம்மா என்னைக் காட்டி டிக்கட் கொடுப்பவரிடம் சொன்னார்: “மூதூரில மகளுக்குப் பிள்ளைப்பேற்று வலியாம். இந்த ஐயா எழுதினதை நம்பித்தான் வந்தனான்.”

டிக்கட் கொடுப்பவர் என் பக்கம் திரும்பினார். “ஓடாதெண்டு விடியவே உங்களுக்கு எழுதினனான். போடேல்லை.”

“பெயர் இல்லையே, தம்பி.”

“பெயர் போட்டா நான் இந்த வேலையில இருப்பனோ, ஐயா?”

அந்தப் பின்னூட்டத்தை இப்போது வெளியிட்டிருக்கிறேன். மேலே இரண்டாவதாக எழுத நினைத்தது பிழை.

நாளைக்கு லோஞ்சு ஓடுமா? உம்மாவுக்குச் சொல்லவேண்டும். தெரிந்தவர்கள் எழுதுங்கள், தயவுசெய்து பெயர் போடாமல்.