என் பக்தியைக் காப்பாற்றிய அல்வா

ஏகாதசியன்று எங்கள் வீட்டில் அரிசி கிடையாது, அன்று மட்டும் ரேஷன் கோதுமைச் சப்பாத்திதான். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் எனக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புக் கிளம்பும்.

"விரதத்துல மனசு இல்லேடி உனக்கு. பெருமாள் காட்டிக் கொடுக்கறார்" என்பார் நாத்தனார். மும்பையில் எங்கள் மாட்டுங்கா முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார்.

எனக்கே சந்தேகம்தான். சுவாமி படத்தைவிடப் பக்கத்து வீட்டு டிவியை அதிகம் பார்ப்பவள் நான்.

நேற்று ஏகாதசி இல்லை. ஆபீஸில் தாராவி ஃபாத்திமா கொண்டுவந்த அல்வாவை இரண்டு துண்டு விழுங்கினேன். அதே உதடு, அதே தடிப்பு!

"அய்யய்யோ, என்னாச்சுக்கா? கோதுமைப் பாலும் சீனியும் நெய்யும்தான போட்டேன்!" என்று பதறினாள்.

கோதுமை!

இன்று காலை நாத்தனாரைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"கோதுமை அலர்ஜிம்மா. இனிமே தொடாதீங்கோ. மூச்சு முட்டினா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்."

"என் பக்தி, டாக்டர்?"

"அதுல கோளாறு ஒண்ணும் தெரியலை."

திரும்பி நாத்தனாரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

இன்று ஏகாதசி. அவருக்குச் சப்பாத்தி. எனக்கு வேர்க்கடலை போட்டு, நெய் மணக்கும் ஜவ்வரிசிக் கிச்சடி.

என் தட்டையே பார்த்தவர் மெல்லக் கையைச் சொறிந்தார். "எனக்கும் லேசா அரிக்கறாப்லே இருக்குடி."

உங்கள் வீட்டில் யாருக்கெல்லாம் அரிக்கிறது? சொன்னால் ஜவ்வரிசி கூடுதலாக ஊறவைப்பேன்.