யோசித்துப் பேசும் மாப்பிள்ளை

கல்யாணத் தரகனுக்கு நாக்குதான் நிலபுலன். அந்த நிலத்தில் முப்போகமும் விளைய வைத்தவர் சர்க்கரைத் தரகர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது வாக்காளர் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. இத்தனைக்கும் அவர் உடம்பில் சர்க்கரை கிடையாது. எல்லாம் வாயிலேயே தங்கிவிட்டது.

அவரைப் பொய்யர் என்று சொல்லிவிடக் கூடாது. பொய் பாவம் என்று மனதார நம்பியவர். அதனால் வார்த்தையை மட்டும் மாற்றிக்கொள்வார். குடிகாரன் அவர் வாயில் 'நாலு பேரோட பழகறவர்' ஆவான். முன்கோபி 'அநியாயம் பொறுக்காதவர்'. வேலைவெட்டி இல்லாதவன் 'சொந்தமா ஏதாவது செய்யணும்னு துடிப்பு உள்ளவர்'. ஊரையே வாயால் கிழிக்கும் மாமியார் 'மனசுல ஒண்ணும் வெச்சுக்காதவங்க'. கேட்பவர்களுக்கும் இந்த அகராதி அரைகுறையாகத் தெரியும். தெரிந்தும் துருவ மாட்டார்கள். பெண்ணைக் கரையேற்றும் அவசரத்தில் தோணியில் ஓட்டை இருக்கிறதா என்று யார் குனிந்து பார்க்கிறார்கள்?

வீட்டில் மட்டும் அந்தச் சர்க்கரை செல்லுபடியாகாது. "இன்னிக்குச் சாப்பாடு பிரமாதம்" என்பார். "உப்பு இல்லன்னு நேரா சொல்லித் தொலைங்க" என்பாள் மனைவி.

அப்படிப்பட்டவரிடம்தான் ஒரு நாள் சலவைக்கடைக்காரி வந்து நின்றாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே, விடுதிகளின் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வெளுத்துத் தேய்க்கும் கடை அவளுடையது. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியை வளர்த்தவள்.

"அண்ணே, என் தம்பிக்கு ஒரு இடம் பாருங்க. எனக்கப்புறம் அவனுக்கு யாரு இருக்கா?"

தம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஆறடி உயரம், அகன்ற மார்பு, பார்க்க ராஜா மாதிரி. துணிமூட்டையை விடுதி விடுதியாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. மழை வந்தால் மூட்டைக்குக் குடை பிடித்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு வருவான்.

"தம்பி, இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டார் தரகர்.

தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள். தரகருக்குப் புரிந்துவிட்டது. உடம்பு வளர்ந்த வேகத்துக்கு மனசு வளராமல் எட்டு வயதிலேயே உட்கார்ந்துவிட்ட பிள்ளை. வேறொருவராக இருந்தால் "மன்னிச்சுக்கம்மா" என்று அனுப்பியிருப்பார். ஆனால் எந்தச் சரக்குக்கும் ஒரு சந்தை உண்டு என்பது சர்க்கரையாரின் வேதம்.

"அமைதியான பையன். யோசிச்சுப் பேசுவான். போதும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

அன்று மாலை பாடம் நடந்தது. "இங்க பாரு தம்பி. யார் என்ன கேட்டாலும் மொதல்ல சிரிக்கணும். அப்புறம் 'ஆமாங்க'ன்னு சொல்லணும். அவ்வளவுதான். எங்க, சொல்லு. வேலை நிரந்தரமா?"

"ஆமாங்க."

"சிரிப்பு எங்க?"

சிரித்தான். பால் போன்ற சிரிப்பு. தரகரே ஒரு நிமிடம் பாடத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் பாடத்தை முடிக்க வேண்டியதுதான்.

பெண் வீட்டில் மாப்பிள்ளை வெற்றிக்கொடி நாட்டினான். "குடிக்கற பழக்கமெல்லாம் இல்லையே?" என்றார் பெண்ணின் தகப்பனார். "ஆமாங்க." "எங்க பொண்ணைக் கண்கலங்காம வெச்சுக்குவீங்களா?" "ஆமாங்க." "டீ சாப்பிடறீங்களா, காபியா?" என்றாள் தாயார். "ஆமாங்க." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு என்ன நகைச்சுவை உணர்வு! இரண்டும் வந்தது. இரண்டையும் குடித்தான்.

பெண்ணுக்கு வெளியூரில் பசையுள்ள இடம் அமைந்ததால் அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. ஆனால் பாடம் தம்பியிடம் தங்கிவிட்டது. அதற்கு முன்பு பேசத் திணறும்போதெல்லாம் ஊர் அவனைச் சீண்டும். இப்போது 'ஆமாங்க' என்றால் சிரிக்கிறார்கள், முதுகில் தட்டுகிறார்கள். சலூன்காரர் அரசியல் பேசினாலும் ஆமாங்க, எதிர்க்கடைக்காரர் அதற்கு நேர்மாறாகப் பேசினாலும் ஆமாங்க. "இந்த ஊர்லயே விவரமானவன் அவன் ஒருத்தன்தான்" என்று இரண்டு பேரும் சொன்னார்கள். சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவனை மண்டு என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

பிறகு அந்த இடி விழுந்தது. விடுதி முதலாளி ஒரு காலையில் மண்டை உடைந்து கிடந்தார். கல்லாப்பெட்டி காலி. வெளுத்த விரிப்புகளோடு உள்ளே போன தம்பி அவரைப் பார்த்தான். குளிருமே என்று ஒரு விரிப்பை எடுத்துப் போர்த்திவிட்டு, எழுந்திருக்கட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். போலீஸ் வந்தபோதும் உட்கார்ந்திருந்தான்.

"நீதானே அடிச்ச?" என்றார் ஆய்வாளர்.

தம்பி சிரித்தான். "ஆமாங்க."

"கம்பியாலதானே?"

"ஆமாங்க."

இதைவிட ஒத்துழைப்பான குற்றவாளியை அந்த ஆய்வாளர் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லையாம். பத்திரிகைக்காரர்களிடம் அவரே பெருமையாகச் சொன்னார். அதைக் காலைத் தேநீரோடு படித்த தரகர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். 'கேட்ட கேள்விகளுக்கெல்லாம் புன்னகையுடன் ஆம் என்றார்' என்று போட்டிருந்தது. கொலைகாரனின் திமிர்ச் சிரிப்பு என்று ஊர் பதறியது. அந்தச் சிரிப்பு யார் வீட்டுச் சரக்கு என்று ஒருவருக்குத்தான் தெரியும்.

தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில், மனவளர்ச்சி குன்றியவனைத் தூக்கிலிடச் சட்டம் இடம் தரவில்லை என்று தம்பியின் வக்கீல் வாதாடினார். அறிவுத்திறன் சோதனையில் எழுபதுக்குக் கீழே வந்தால் குன்றியவன் என்று ஒரு கணக்கு. ஒரு மருத்துவர் பரிசோதித்து அறுபத்தெட்டு என்றார். அரசு மருத்துவர் எழுபத்திரண்டு என்றார். பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க் கூடினால் மேல் வகுப்பு, இங்கே இரண்டு மார்க் கூடினால் கயிறு.

தொலைக்காட்சியில் ராத்திரி தவறாமல் இதே பேச்சு. "டீக்குச் சில்லறை எண்ணிக் குடுக்கத் தெரிஞ்சவனுக்குக் கொலை பண்ணவும் தெரியும்" என்றார் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர். தம்பிக்குச் சில்லறை எண்ணத் தெரியாது, கையை விரிப்பான், கடைக்காரரே எடுத்துக்கொள்வார். அதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. "குழந்தையைத் தூக்கில் போடுவீர்களா?" என்று கண்ணீர் விட்டார் ஒரு பேராசிரியை. "அப்ப செத்தவர் குடும்பத்துக்கு என்ன பதில்?" என்றார் இன்னொருவர். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் வருவதற்குள் தொகுப்பாளர், "தூக்கா, இல்லையா? இடைவேளைக்குப் பிறகு!" என்றார். இடைவேளையில் ஞாபகசக்தி லேகிய விளம்பரம் வந்தது.

எண்களை நம்பி எண்ணிக்கொண்டிருக்க முடியாது, இவன் ஊரில் எப்படி வாழ்ந்தான் என்று சொல்லச் சாட்சிகளைக் கூப்பிடுங்கள் என்றார் நீதிபதி. அரசு வக்கீல் கூப்பிட்ட சாட்சி சர்க்கரைத் தரகர். புத்தி இல்லாதவனை ஒரு கைதேர்ந்த தரகர் மாப்பிள்ளை என்று கூட்டிக்கொண்டு போவாரா? அதுதான் அரசுத் தரப்பின் பிரம்மாஸ்திரம்.

சம்மன் வந்த அன்று தரகர் சாப்பிடவில்லை. அடுத்த மாதத்துக்கென்று நிச்சயமான சம்பந்தங்கள் கண் முன்னே வரிசையாக வந்து நின்றன. 'யோசிச்சுப் பேசுவான்' என்றால் என்ன அர்த்தம் என்று கூண்டில் ஏறி ஒருமுறை சொல்லிவிட்டால், அப்புறம் அவர் வாயிலிருந்து வரும் எந்த வார்த்தையையும் எவனும் வாங்க மாட்டான். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் கழுத்தில் கயிறு.

"நான் எதுவும் பொய் சொல்லலையே" என்று மனைவியிடம் முனகினார்.

"ஆமா, நீங்க அரிச்சந்திரனுக்கு அண்ணன். ஏங்க, உண்மையச் சொன்னா அடுப்பு அணைஞ்சு போகும், தெரியும். சொல்லலன்னா அந்த அடுப்புல நான் சமைக்கறத எப்படிங்க தின்னுவீங்க?"

அந்த நேரம் பார்த்துச் சலவைக்கடைக்காரி வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அண்ணே, கோர்ட்டுல அவனப் பத்தி நல்லபடியாச் சொல்லுங்க. கெட்டிக்காரன், பொறுப்பானவன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா ஊரே நம்பும்."

"அம்மா, கெட்டிக்காரன்னு சொன்னாத்தான் ஆபத்து. உங்க வக்கீல் சொல்லலையா?"

"அவரு என்னையே அவனுக்குப் புத்தி இல்லன்னு சொல்லச் சொல்றாரு! நேத்து கூண்டுல ஏறினேன். எதிர்ல நின்னுக்கிட்டு என்னையே பாத்துச் சிரிக்கறான். என் வாயால எப்படிண்ணே சொல்லுவேன்? நல்லாப் படிப்பான், கொஞ்சம் மெதுவான்னு சொல்லிட்டு எறங்கிட்டேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். தம்பி பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதில்லை என்பது தரகருக்குத் தெரியும். பாசம் என்ற பாழும் கயிறு எந்தக் கழுத்தில் எப்படி விழுகிறது, பாருங்கள்!

மறுநாள் நீதிமன்றத்தில் நிற்க இடமில்லை. பாதிக்கு மேல் தரகர் சேர்த்துவைத்த ஜோடிகள். தங்கள் தரகர் வாயைத் திறக்கும் அழகைப் பார்க்க வந்திருந்தார்கள். கைதிக் கூண்டில் நின்ற தம்பி தரகரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையாட்டினான்.

அரசு வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இவரைப் பெண் வீட்டில் எப்படி அறிமுகம் செய்தீர்கள்?"

"அமைதியானவன், யோசிச்சுப் பேசுவான்னு சொன்னேங்க."

"அது உண்மைதானே?"

தரகர் கைக்குட்டையை எடுத்தார். நெற்றியைத் துடைத்தார். அறை முழுவதும் தெரிந்த முகங்கள். அவர் பிழைப்பே அங்கே வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தது.

"ஐயா, எங்க தொழில்ல அதுக்கு வேற அர்த்தங்க. யோசிச்சுப் பேசுவான்னா, பேச வராதுன்னு அர்த்தம். இந்தப் பையனுக்கு என்ன கிழமைன்னு தெரியாது. எட்டு வயசுப் புள்ளைங்க அவன். தெரிஞ்சேதான் கூட்டிட்டுப் போனேன்."

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அடங்கியது. பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பக்கத்தில் இருந்த புருஷன்மாரைப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"தரகரே! எங்க வீட்டுக்காரர 'நாலு பேரோட பழகறவர்'னு சொன்னீங்களே, அதுக்கு என்னய்யா அர்த்தம்?"

"அதான் உனக்கே தெரியுமேடி, உக்காரு" என்றது இன்னொரு குரல். நீதிபதி மேசையைத் தட்டினார்.

அரசு வக்கீலுக்கு முகம் சிவந்தது. "அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா?"

"அன்னிக்குச் சொன்னதுக்கு எனக்குக் கமிஷன் உண்டுங்க. இன்னிக்குச் சொல்றதுக்கு இருக்கற பொழப்பும் போகுது. நஷ்டத்துக்கு எவனாவது பொய் சொல்லுவானுங்களா?" தரகரின் குரல் உடைந்தது. "போலீஸ்ல அவன் சிரிச்சுக்கிட்டு ஆமாங்கன்னு சொன்னான் பாருங்க, அது நான் சொல்லிக் குடுத்ததுங்க. கல்யாணத்துக்குன்னு சொல்லிக் குடுத்தேன். அவன் அதைக் கொலைக்கும் சொல்லிட்டான்."

நீதிபதி கைதியின் பக்கம் திரும்பினார். "இவர் சொல்றது உண்மையா?"

தம்பி சிரித்தான். "ஆமாங்க."

"பார்த்தீர்களா, கேள்வி புரிகிறது!" என்று துள்ளினார் அரசு வக்கீல்.

நீதிபதி அவரைக் கையமர்த்தினார். "அப்படின்னா இவர் பொய் சொல்றாரா?"

அதே சிரிப்பு. "ஆமாங்க."

இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது, கயிற்றைப் பற்றியது. அது என்ன என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். சலவைக்கடைக்காரி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். நீதிபதியின் உதடு பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டது. அவர் அதைக் கேட்கவில்லை. தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

தூக்கு ரத்தாயிற்று. வழக்கை முதலிலிருந்து விசாரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இரண்டு மருத்துவர்களும் தங்கள் எண்தான் சரி என்று தொலைக்காட்சியில் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தரகர் எதிர்பார்த்தபடியே அடுத்த மாதத்துச் சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சேர்த்துவைத்த பழைய ஜோடிகளும் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "எங்க மாமியாரப் பத்திச் சொன்னதுக்கு அர்த்தம் சொல்லிட்டு அப்புறம் தூங்கப் போங்க" என்று பிடிவாதம். மனைவிதான் கதவைப் பாதி திறந்து, "அர்த்தம் இத்தனை வருஷமா உங்க கூடத்தான குடியிருக்கு, போய் அதையே கேளுங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் சலவைக்கடைக்காரி வந்தாள். காலில் விழப் போகிறாள் என்று நினைத்த தரகர், "வேண்டாம்மா, அதெல்லாம் வேண்டாம்" என்று நாற்காலியோடு பின்வாங்கினார்.

அவள் இடுப்பில் கையை ஊன்றினாள். "ஏண்ணே, ஊர் முழுக்க உக்காந்திருக்கற எடத்துல அவனுக்குக் கிழமை தெரியாது, எட்டு வயசுன்னு போட்டு ஒடைச்சுட்டீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா? கொஞ்சம் நாசூக்காச் சொல்லியிருக்கக் கூடாதா? எல்லாத்துக்கும் ஒரு வார்த்தை வெச்சிருப்பீங்களே, என் தம்பிக்கு மட்டும் கெடைக்கலையா? நாளைக்கு வெளிய வந்தான்னா இந்தத் தெருவுல எப்படித் தலைநிமிந்து நடப்பான்?"

தரகரின் மனைவி உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தாள். "ஏம்மா, உசுரக் காப்பாத்திக் குடுத்த மனுஷன்கிட்ட..."

"நீ சும்மா இரு" என்றார் தரகர். கண்ணில் நீர் முட்டியது. தரகு நின்றதிலிருந்து அந்த வீட்டு முன்னறையில் அவர் அவ்வளவு சந்தோஷமாக நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை. "வெளிய வந்து நடப்பான்னு அந்தப் பொண்ணே சொல்லுதே, அது போதும். உக்காரும்மா, தண்ணி குடி. குடிச்சுட்டு விட்ட எடத்துலேர்ந்து திட்டு."

அவள் உட்கார்ந்தாள். தண்ணீரைக் குடித்தாள். குடித்துவிட்டுத் திட்டினாள்.