செவ்வாய்தான் இடிக்குதுங்க

எண்பதுகளின் கடைசியில், நாகலூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு என் தங்கையைப் பெண் பார்க்கச் சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். ஜாதகம் ஒரு மாதமாக அவர்களிடம்தான் இருந்தது. அதனால் இந்த இடமாவது முடிந்துவிடும் என்று நம்பினோம்.

போண்டா தட்டு காலியானதும் மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார். "பொண்ணு நொம்ப லட்சணமுங்க. செவ்வாய்தான் இடிக்குதுங்க."

நாள் குறிக்கிறார் என்று நினைத்துக்கொண்ட மகா புத்திசாலி நான், "அதுக்கென்னங்க, புதன்கிழமை வெச்சுக்கலாமுங்க!" என்றேன்.

"கிழமை இல்லீங்க தம்பி, தோஷம்."

எனக்கு மண்டையில் சுர்ரென்று ஏறியது. "ஏனுங்க, ஒரு மாசமா ஜாதகத்துல இருந்த செவ்வாய், போண்டா தீர்ற வரைக்கும் உங்க கண்ணுல படலீங்களா?" என்று கத்தினேன். அவர்கள் எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

இருட்டத் தொடங்கியபோது தங்கை வாசலில் நின்றாள். காப்பித் தோட்டத்துக்கு மேலே செவ்வாய் சிவப்பாக எழும்பியிருந்தது.

"அது எத்தனை தூரமுண்ணா?"

"பல கோடி மைல் கண்ணு."

"அத்தனை தூரத்துல இருக்கறது என்னை என்ன பண்ணுச்சு? பக்கத்துல உக்காந்து தின்னவங்கதானே பண்ணாங்க?"

அந்தக் கிரகத்தின் மேலிருந்த கோபம் எனக்கு அன்றோடு போய்விட்டது. அவர்கள் மேல் மட்டும் இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஜாதகம் பேசி முடித்த பின்னால்தான் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறும்.