ஓட்டை வாசிக்கத் தெரிந்த செல்வமேரி

செல்வமேரியிடம் பிடிவாதம் இருந்த அளவுக்குப் பொறுமை இருந்ததில்லை. 1967-ல், இருபது வயதில், மெட்ரிக்கும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்துவிட்டு, பம்பாய்க் கோட்டைப் பக்கம் நாலு ஆபீஸ் படியேறி இறங்கியிருந்தாள். கம்ப்யூட்டர் என்று ஒன்று வந்திருக்கிறது, அது படிப்பதற்காக அட்டையில் ஓட்டை குத்த ஆள் தேவை என்று பேப்பரில் விளம்பரம் வரும். போனால் எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான்: முன் அனுபவம் உண்டா? நேற்று கப்பலில் வந்து இறங்கிய மெஷினுக்கு இவர்கள் மட்டும் எங்கே போய் அனுபவம் வாங்கி வந்தார்களாம்? அவளுக்கு எரிச்சலாக வந்தது.

தாராவியில் அவள் அப்பா ஏசுதாஸ் தோல் பர்ஸ் தைக்கிறவர். பர்ஸ் விறைப்பாக நிற்க உள்ளே அட்டை வைக்க வேண்டும். ஆபீஸ்கள் கழித்துப் போட்ட ஓட்டை அட்டைகளைத்தான் ரத்திக் கடையில் எடைக்கு வாங்கி வருவார். பழைய பேப்பர் கடையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அட்டைகளைப் பர்ஸ் அளவுக்கு வெட்டுவது வீட்டுப் பெண்களின் வேலை.

செல்வமேரியின் கை வெட்டிக்கொண்டிருக்கும், கண் வேறு வேலை பார்க்கும். சில அட்டைகளின் மேல்விளிம்பில் இங்கிலீஷ் எழுத்துகள் பொடியாக அச்சாகியிருக்கும். அதற்கு நேர்கீழே ஓட்டைகள். ஒரு வரிசையில் ஒரு ஓட்டை மட்டும் என்றால் எண், அதற்கு மேலே உச்சியில் இன்னொன்றும் சேர்ந்தால் எழுத்து. இது பிடிபட அவளுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. அதன்பின் அச்சில்லாத அட்டையையும் சரளமாக வாசித்தாள்.

"ஏட்டி, வெட்டுதியா, ஜெபம் பண்ணுதியா?" என்பாள் அம்மா சவரியம்மாள்.

ஐந்தாவது ஆபீஸ் ஒரு மருந்துக் கம்பெனி. அட்டைப் பிரிவின் தலைவர் மகாதேவன், மாதுங்காவில் குடியிருக்கும் தமிழர். அன்றைக்கு அவர் முகமே சரியில்லை. ஒரு பெட்டி அட்டை கீழே கொட்டிக் கலந்துபோயிருந்தது. எல்லாம் அச்சில்லாதவை. அட்டை மேல் எழுத்தடிக்கும் மெஷினோ மூன்று நாளாகப் படுத்துக் கிடந்தது. நாலு பெண்கள் ஒவ்வொரு அட்டையையும், எந்த ஓட்டைக்கு எந்த எழுத்து என்று போட்டிருந்த விளக்கத் தாளோடு ஒப்பிட்டுத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கேம்மா வேலை பார்த்திருக்கே?" என்று எதிரே உட்கார்ந்த செல்வமேரியிடம் கேட்டார்.

"எங்கயும் பாக்கல சார்."

"அனுபவம் இல்லாதவாளை எடுக்கறதில்லையே. போயிட்டு வா."

அவள் எழுந்தாள். ஆனால் கதவுப் பக்கம் போகவில்லை. இந்தப் படியும் இறங்கினால் ஆறாவது படி ஏறத் தன் காலுக்குத் தெம்பிருக்காது என்று தோன்றியது. மேஜையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நாக்பூர். இருமல் மருந்து. நாப்பது பெட்டி. ஏப்ரல் மாசம்."

மகாதேவன் அட்டையைப் பிடுங்கி விளக்கத் தாளோடு ஒத்துப் பார்த்தார். இன்னொன்றை நீட்டினார். அதையும் வாசித்தாள். மூன்றாவதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இது செல்லாது சார். ஒரே வரிசையில மூணும் அஞ்சும்னு ரெண்டு எண் குத்தியிருக்கு. குத்தினவங்களுக்குத் தூக்கம் போல."

பார்த்தார். செல்லாதுதான்.

"எங்கே கத்துண்டே?"

"வீட்டுல. பர்ஸுக்குள்ள வைக்க அட்டை வெட்டுவோம்."

அந்த நாலு பெண்களில் ஒருத்தியான ஷ்யாமளா களுக்கென்று சிரித்தாள். செல்வமேரிக்குக் காது சுட்டது. "நீங்க குப்பையில போட்டதத்தான் படிச்சேன். இதுல சிரிக்க என்னக்கா இருக்கு?" என்றாள். ஷ்யாமளா குனிந்துகொண்டாள்.

மகாதேவன் குரலைத் தாழ்த்தி ஒரு படிவத்தை எடுத்தார். "நாளைக்கே வா. குத்தற வேகமெல்லாம் தானா வந்துடும். ஆனா மேலே இருக்கறவா அனுபவம் கேப்பா. ஏதாவது கம்பெனி பேரைப் போட்டு ஒரு வருஷம்னு எழுதிடு. யாரும் போய்ப் பார்க்கப்போறதில்லை."

கேட்ட வேலை கைக்கு எட்டிவிட்டது. ஒரு வரி எழுதினால் போதும். பேனாவை எடுத்தாள், மூடி வைத்துவிட்டாள்.

"எழுத மாட்டேன் சார். நாளைக்கு நான் நல்லா வேல பாத்தா அந்தப் பேரு எவனோ ஒருத்தன் கம்பெனிக்கா போகணும்? நானாத்தான் கத்துக்கிட்டேன்."

"வேலை போயிடும்மா."

"போனாப் போவுது. ஆனா இத்தன அட்டையையும் யாரு வாசிப்பா?"

அவர் மேஜையைப் பார்த்தார். ஆயிரத்துக்கு மேல் இருக்கும். நாலு பெண்களும் காலையிலிருந்து ஐம்பதைக்கூடத் தாண்டவில்லை. படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, முன் அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று அவரே எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார்.

செல்வமேரி அதை ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் தன் பெயரைப் போட்டாள்.