செவ்வாய், வெள்ளியில் மட்டும் சூடான கடல்

1. சுடுகிற கடல்

"அண்ணே, இங்க வந்து பாருங்க. இந்தக் கடலு சுடுது!"

ஜெசிந்தா எங்கள் விருத்தாசலம் லேபின் ஆராய்ச்சி மாணவி. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கடலடிச் சேற்றில் கிடைக்கும் ஊசிமுனை அளவு கடலுயிர் ஓடுகளை வைத்துப் பழங்காலக் கடலின் சூட்டைக் கணக்கிடுவது அவள் வேலை. அந்த ஓடுகளைக் கழுவிக் குப்பியில் அடைத்துச் சென்னை மெஷினுக்கு அனுப்புவது என் வேலை.

ஓட்டில் மக்னீசியம் கூடினால், அந்த உயிர் வாழ்ந்த தண்ணீர் வெதுவெதுப்பு. கனமான வகை ஆக்சிஜன் கூடினால், தண்ணீர் குளிர்ந்திருக்கும் அல்லது துருவத்தில் பனி பெருகியிருக்கும். மக்னீசியம் சொல்லும் சூட்டின் பங்கைக் கழித்தால் மிஞ்சுவது பனியின் கணக்கு.

அவள் வரைபடத்தில் ஆறு இடங்களில் கடல் திடீரென்று சூடேறியிருந்தது. அதே ஆறு இடங்களில் பனியும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கடல் கொதிக்கக் கொதிக்கத் துருவம் உறைகிறது. அப்படியொரு கடலை நான் கேள்விப்பட்டதே இல்லை. அவளுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"இதுவரைக்கும் யாரும் சொல்லலண்ணே. தீசிஸ்ல இதான் மெயின் சாப்டர்."

2. வெறுங்குப்பி

மதியம் வேலை நோட்டைப் புரட்டினேன். அந்த ஆறு சாம்பிளையும் நான் கழுவிய நாட்கள்: செவ்வாய், வெள்ளி, வெள்ளி, செவ்வாய், வெள்ளி, செவ்வாய். விருத்தாசலத்தில் என்ன கிழமை என்று அந்தக் காலத்துக் கடலுக்கு எப்படித் தெரியும்?

"செவ்வா வெள்ளின்னா உங்க கடலுக்கு சாமி வந்துருது போலருக்குது" என்றார் பக்கத்து மேஜை சரவணன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளி அழுக்கு சேர்கிறதா என்று பார்க்க, ஓடே போடாத குப்பி ஒன்றையும் சாம்பிளோடு கழுவி அனுப்ப வேண்டும். பிளாங்க் என்போம். ட்ரேயில் ஒரு குழி மிச்சமாகுமே என்று அதை நான் நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது. அந்தப் புதன் ஒன்றும் வெள்ளி ஒன்றுமாக வெறுங்குப்பிகளை அனுப்பினேன். புதன் குப்பி சுத்தம். வெள்ளிக் குப்பியில் மக்னீசியம். உயிரே இல்லாத குப்பிக்குள்ளும் அந்தக் கடல் வந்து உட்கார்ந்திருந்தது.

என் மனைவி பீங்கான் பொம்மை செய்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் காலையில் பொம்மைக்குப் பூசும் கிளேஸுக்கு டோலமைட் பவுடர் சலித்துக் கொடுத்துவிட்டு, முகம் மட்டும் கழுவிக்கொண்டு லேபுக்கு ஓடுவேன். டோலமைட்டில் மக்னீசியம் ஏராளம். என் தலைமுடியில் தங்கிய மாவு, குனியும்போதெல்லாம் கழுவி முடித்த குப்பிகளுக்குள் இறங்கியிருக்கிறது. இல்லாத அந்தச் சூட்டைக் கழித்ததில் பனிக் கணக்கும் கூடவே ஏறிவிட்டது.

3. இரண்டு நாள்

வெறுங்குப்பிகளின் சென்னை ரிசல்ட் ஒரு திங்கட்கிழமை வந்தது. "எதாச்சும் வந்துச்சாண்ணே?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"இன்னும் வரலம்மா."

பயம்தான், வேறென்ன. இருபது வருட வேலைக்காரன் தலையைக் கழுவாமல் வந்தேன் என்று எப்படிச் சொல்வது? புதன்கிழமை சொன்னேன். அவள் திட்டவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கான்ஃபரன்ஸுக்கு நேத்துதான் சுருக்கம் அனுப்பினேன்" என்றாள். "இல்லாத கடலுக்கு நானே பேரு வச்சிட்டேனேண்ணே."

மிச்சமிருந்த ஓடுகளைத் தலைகுளித்துவிட்டு வந்து கழுவினேன், பிளாங்க்கோடு. ஆறு இடமும் குளிர்ந்து போயின; பனியும் தன் அளவுக்கு இறங்கியது. அவள் சாப்டரும் போயிற்று, ஒரு வருடமும் போயிற்று. சுருக்கத்தைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதினாள். ஆனால் அதற்குள் சுருக்கம் அச்சாகிப் பல ஊர்களுக்குப் போய்விட்டிருந்தது.

பிளாங்க்கை விடாதீர்கள். அதைவிட முக்கியம், தப்பு தெரிந்த அன்றே வாயைத் திறந்துவிடுங்கள். நான் விழுங்கிய இரண்டு நாள் இன்னும் தீரவில்லை.

போன மாதம் வெளியூரிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர் போன் செய்தார். அந்த ஆறு சூட்டின் டேட்டா வேண்டுமாம்.

"அது தப்புத் தம்பி. என் தலையிலேர்ந்து கொட்டின மாவு அது."

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இல்லைங்க சார்... அந்தச் சுருக்கத்தப் படிச்சிட்டுப் பாத்தா, நாங்க தோண்டியெடுத்த சேத்துக் கோர்லயும் அதே எடத்துல லேசா சூடு தெரியுதுங்க."