ஏர் கேட்ட ஹாஸ்டல் பிள்ளைகள்

அரசாங்க ஹாஸ்டலில் சமையல் வேலை என்றால் உப்பு, புளி, காரம் பார்த்தால் மட்டும் போதாது; எந்த ஆபீசர் எந்த நேரத்தில் ஜீப்பில் வந்து இறங்குவார் என்றும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதையெல்லாம் சரியாகச் சொல்வேனா என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வார்டன் மேடம் பேசியது தெலுங்கு. வாட்ச்மேன் யூசுஃப் பாய் பேசியது பாதி உருது, பாதி தமிழ். பிள்ளைகள் பேசியது கோண்டி. என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன். வேற்று பாஷைக்காரர்கள் நடுவில் காய்கறி வாங்கி, பால்காரனோடு சண்டை போட்டுக் குடும்பம் நடத்தியவர்களுக்கு நான் பட்ட பாடு புரியும்.

என் பெயருக்கு என்ன குறை?

எழுபதுகளில் ஒரு வருஷம், வடக்கே ஆதிலாபாத் காட்டு கிராமங்களிலிருந்து சின்னப் பெண்களைக் கூட்டிவந்து படிக்கவைக்க, பட்டணத்தில் ஹப்சிகுடா என்ற பேட்டையில் ஒரு வாடகை வீட்டை எடுத்து அரசாங்கம் ஹாஸ்டல் வைத்தது. புத்தகம், சீருடை, டிரங்குப் பெட்டி, தட்டு, கம்பளி எல்லாம் இலவசம். அந்தப் பிள்ளைகளோடு பேச ஓர் ஆளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

முதல் நாள் பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மேடம் என்னைக் காட்டி, "மீனம்மா" என்றார். அவ்வளவுதான், ஒரே சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது. புடவை ஏதாவது விலகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அதற்குள் ஒருத்தி உள்ளங்கையை நெளித்து நெளித்து நீந்திக் காட்டி, "மீன், மீன்" என்றாள். அவர்கள் பாஷையிலும் மீன் மீன்தானாம்! நான் கையைத் தொட்டுக் காட்டினேன். "கை" என்றார்கள். தெருவில் போன நாயைக் காட்டினேன். "நை" என்றார்கள். மேடம் திறந்த வாய் மூடவில்லை. கேட்டருகே பீடி பிடித்துக்கொண்டிருந்த யூசுஃப் பாய் சொன்னார்:

"அரே மீனம்மா, உங்க சொந்தக்காரங்க காட்டுக்குள்ளே இருக்காங்கன்னு இத்தனை நாள் சொல்லவே இல்லையே!"

குட்டும் குட்டவும்

சிரிக்காதவள் ஒருத்திதான், சோமுபாய். எல்லோரிலும் சின்னவள். தட்டில் போட்டதைப் பிசைந்து வைத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவாள். இப்படியே பட்டினி கிடந்தால் திருப்பி அனுப்புவதைத் தவிர வழியில்லை என்று மேடம் சொல்லிவிட்டார். அப்படிப் போய்விட்டால் அந்த இடத்தில் இன்னொரு பிள்ளையைச் சேர்ப்பார்கள். சோமுபாய்க்குப் படிப்பு அதோடு சரி. யார் கேட்டாலும் என் சாம்பார் சரியில்லை என்றுதானே சொல்வார்கள்?

முட்டை போட்டால் சாப்பிடுவாளோ என்று நினைத்தேன். முட்டைக்கும் அரசாங்க அனுமதி இருந்தது. சாமான் கொண்டுவரும் கடைக்காரரிடம் என் தெலுங்கில் சொல்லியனுப்பினேன். மறுநாள் அவர் ஒரு மூட்டை தரை துடைக்கும் துணியைக் கொண்டுவந்து இறக்கினார். தெலுங்கில் குட்டு என்றால் முட்டை, குட்ட என்றால் துணி. நான் எதைச் சொல்லித் தொலைத்தேன் என்று மூட்டையே சொன்னது. மேடம் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்:

"மீனம்மா, இதைப் பிள்ளைகளுக்கு அவித்துப் போடுவாயா, பொரித்துப் போடுவாயா?"

ஏர் வேண்டுமாம்

இவ்வளவுக்குப் பிறகும், கல்வி இலாகா ஆபீசர் வந்த அன்று என்னையே மொழிபெயர்க்க நிறுத்தினார்கள். வேறு ஆள் இல்லை. "என்ன குறை என்று கேளுங்கள்" என்றார் ஆபீசர். கையைக் காலை ஆட்டிக் கேட்டேன். பெரிய பெண் கொல்லைப்பக்கம் விரலை நீட்டி, "ஏர், ஏர்" என்றாள். கொல்லையில் வெறும் மண் கிடந்தது. காட்டிலே விதைத்து அறுத்த ஜனம் அல்லவா, தோட்டம் போட ஆசைப்படுகிறார்கள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "உழுவதற்கு ஏர் வேண்டுமாம் சார்" என்றேன். ஆபீசர் பேனாவை மூடிவிட்டார்.

அந்தப் பெண் விடவில்லை. கொல்லைக்கு ஓடி, குழாயடியிலிருந்த குடத்தைத் தூக்கிவந்து ஆபீசர் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள். சொட்டு விழவில்லை. அவர்கள் பாஷையில் ஏர் என்றால் தண்ணீர்! எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. ஆபீசர் சோமுபாயின் ஒட்டிய கன்னத்தையும் பார்த்தார். ஜீப் திங்கட்கிழமை ஆதிலாபாத் போகிறது, இவளை அதில் ஏற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்:

"அம்மா, ஏர் கேட்டால் விவசாய இலாகா, தண்ணீர் கேட்டால் முனிசிபாலிடி, என்னிடம் இருப்பது சிலேட்டு மட்டும்தான்."

கைக்கு?

திங்கட்கிழமை காலை ஜீப் வாசலில் நின்றது. சோமுபாய் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகிறவள் எதற்கு அழ வேண்டும்? யூசுஃப் பாய் குனிந்து, "கைக்கு பேட்டி? கைக்கு ரோதி?" என்றார். அவர் பாஷையில் கைக்கு என்றால் ஏன்; ஏன் அழுகிறாய் மகளே என்று கேட்டார். அவள் காதில் விழுந்ததோ 'கை' மட்டும். சட்டென்று இரண்டு கைகளையும் நீட்டினாள். மணிக்கட்டைச் சுற்றித் தேய்த்துத் தேய்த்துக் காட்டினாள். அங்கே வெளுப்பாக ஒரு வளையம் தெரிந்தது.

காப்பு! வந்த அன்று, தொலைந்துபோனால் யார் பதில் சொல்வது என்று மேடம் எல்லோருடைய காப்பையும் மணியையும் கழற்றி பீரோவில் பூட்டியிருந்தார். மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். இவள் அது இல்லாமல் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று சோறு இறங்காமல் தவித்திருக்கிறாள். நான் வாயைத் திறக்கவே இல்லை. திறந்தால் காப்பு வேறு எதுவாகவோ ஆகிவிடும். மேடத்தின் கையைப் பிடித்து பீரோவுக்கே இழுத்துப்போனேன். காப்பு கையில் ஏறியதும், சோமுபாய் நேராக அடுப்படிக்கு வந்து தட்டை நீட்டினாள். மூன்று தரம் சோறு வாங்கினாள். மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஜீப்பைக் காலியாக அனுப்பினார். யூசுஃப் பாய்க்கு மட்டும் ஆச்சரியம் அடங்கவில்லை:

"நான் ஏன்னு கேட்டேன், பொண்ணு ஏன்னு சொல்லிடுச்சு; இதிலே என்ன கஷ்டம்னு உங்களை மொழிபெயர்க்க வச்சாங்க?"

அடுத்த ஆபீசர்

அந்த வருஷத்துக்குள் சோமுபாய் தெலுங்கைப் பிடித்துக்கொண்டாள், என்னைவிட நன்றாக. அடுத்த ஆபீசரின் ஜீப் சத்தம் கேட்டதுமே அவளை வாசலுக்கு முன்னால் தள்ளிவிட்டு, அடுப்படிக் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். "சமையலம்மா எங்கே, அவர்தானே மொழிபெயர்ப்பார்?" என்று ஆபீசர் கேட்பது காதில் விழுந்தது. காப்பு கலகலக்க அவள் சொன்னதும் விழுந்தது:

"மீனம்மாவுக்குத் தெலுங்கு வராது சார், நானே சொல்கிறேன், முதலில் தண்ணீர் வேண்டும்."

அரசாங்கம் அவளைப் படிக்கவைத்ததில் அதிகம் பிழைத்துக்கொண்டது தாழ்ப்பாளுக்குப் பின்னால் நின்ற நான்தான்.