கொம்பு ஹேண்டிலுக்கு ஒரு சைக்கிள்

முழங்கையை சீட்டின் மூக்கில் பதித்து, முன்கையை ஹேண்டில் பக்கம் நீட்டி, விரல்களை முஷ்டியாக மடக்கிக்கொள்கிறார். ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். முஷ்டிக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. "நீளம்," என்று சொல்லிவிட்டு அடுத்த சைக்கிளுக்கு நகர்கிறார்.

மேம்பாலத்துக்கு அடியில் பழைய சைக்கிள் விற்கும் தகரக் கொட்டகையில் ஞாயிறுதோறும் நடக்கிற காட்சி இது. கடைக்காரர் இப்போதெல்லாம் தலையைக்கூடத் தூக்குவதில்லை. "சார் இன்னைக்கும் எல்லா வண்டிக்கும் கை குடுத்துட்டுக் கிளம்பப் போறாரு," என்று பஞ்சர் ஒட்டியபடியே சொல்கிறார்.

எக்ஸ்ரேக்காரர் என்றால்தான் எங்கள் குடியிருப்பில் அவரைத் தெரியும். எனக்கு நேர் மேல் வீடு. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க அடுத்தவர் கை கால்களைத் திருப்பி வைத்து, "அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிச் சொல்லி அவர் வாய் அதற்கே பழகிவிட்டது. சாய்த்து வைத்த சைக்கிள் சரிந்தால்கூட "அசையாதீங்க" என்கிறார், மரியாதை குறையாமல். வீட்டில் பேச ஆள் கிடையாது. மாலையில் அவர் நாற்காலியை இழுக்கும் சத்தம் என் கூரையில் கேட்கும். ஒரே ஒரு நாற்காலியின் சத்தம்தான்.

மாடிப்படியில் யாராவது மாட்டினால் விடமாட்டார். "சின்னப் பசங்க எலும்பு முனையில ஒரு கோடு தெரியும் சார். அந்தக் கோடு மறையற வரைக்கும் வளர்ந்துக்கிட்டேதான் இருப்பாங்க. அம்மாக்காரி நம்பவே மாட்டா, இப்பதானே டாக்டர் இவனுக்கு சட்டை வாங்கினேன்னு என்கிட்ட கேப்பா. நான் டாக்டர் இல்லம்மான்னு சொன்னாலும் கேக்கறதில்ல." அதற்கு அவரே சிரித்துக்கொள்வார். கேட்டவர் படியிறங்கிப் போன பிறகும் சிரிப்பு கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும்.

அவருக்கு வேண்டியது ஒரு பழைய மவுண்டன் பைக். கரடுமுரடான பாதைக்கென்று தடித்த டயர் போட்ட வண்டி. அதன் நேர் ஹேண்டிலைக் கழற்றிவிட்டு, பந்தய சைக்கிள்களில் ஆட்டுக்கொம்பு மாதிரி முன்னே போய்க் கீழே வளையுமே, அந்த ஹேண்டிலை மாட்ட வேண்டும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொம்பு கையை முன்னால் இழுத்துவிடும். வண்டி வழக்கமான அளவில் இருந்தால் ஓட்டுகிறவர் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்துதான் ஓட்ட வேண்டும். அதனால் குட்டையான ஃபிரேமாகத் தேடுகிறார்.

தேடுகிற விதத்தைப் பார்க்கவே நான் அவரோடு ஒட்டிக்கொண்டேன். சட்டைப் பையிலிருந்து முதலில் ஒரு மஞ்சள் வாத்து வெளியே வரும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்த வாத்து. மூக்கு பாதி உடைந்தது. அதை ஃபிரேமின் மேல் வைத்துப் பார்ப்பார். இரும்பாக இருந்தால் ஒட்டும், அலுமினியமானால் விழுந்துவிடும். "வாத்து ஒட்டினாத்தான் வண்டி சார். பழைய இரும்பு மாதிரி குலுக்கலை வாங்கிக்கறது வேற எதுவும் இல்ல." அப்புறம் குனிந்து கீழ்க் குழாயின் அடியில் விரலை ஓட்டுவார். எங்கேயாவது மோதின வண்டியென்றால் பெயிண்ட் சுருங்கியிருக்குமாம். கடைசியாக சீட்டுக் கம்பியை முறுக்கிப் பார்ப்பார். துருவேறி இறுகியிருந்தால், "இதுக்கு மூட்டு பிடிச்சிருக்கு" என்று தீர்ப்பு. எல்லாம் தேறினாலும் முஷ்டியில் வந்து தோற்கும்.

கடைக்காரர் ஒரு தடவை பளபளவென்று ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இதைப் பாருங்க சார், முன்னாடி ஸ்பிரிங்கே இருக்கு."

"ஸ்பிரிங் வேணாம்ணே. மிதிக்கற பலத்தையெல்லாம் அதுவே தின்னுடும்."

"சரி, நேர் ஹேண்டில்னா ஓட்டறவங்க விரல் நுனி தொடணும், கொம்புக்குன்னா விரலைப் பாதி மடக்கி அளந்தாப் போதுமே. நீங்க ஏன் குத்துச்சண்டைக்குப் போற மாதிரி நிக்கறீங்க?"

அவர் வாத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து திரும்பும்போது, சிக்னலில், முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னார். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது.

"எனக்கில்ல சார். பொண்ணுக்கு."

மனைவியும் அவரும் பிரிந்தபோது மகள் அம்மாவோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். போவதற்கு முன்னால் அப்பாவும் மகளும் வாடகை சைக்கிளில் ஏரியைச் சுற்றக் கிளம்பியிருக்கிறார்கள். ஒரே கல்லும் சேறுமான பாதை. நேர் ஹேண்டிலைப் பிடித்துப் பிடித்து அவளுக்கு மணிக்கட்டு வலி. பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். "கைய மாத்தி மாத்திப் பிடிக்கறாப்ல ஒண்ணு நானே செஞ்சு வைக்கறேன், அடுத்த தடவை முழுசா சுத்தலாம்னு சொன்னேன். அன்னைக்கு அவ கைய என் கைமேல வெச்சுப் பாத்தோம். அவ விரல் நுனி என் விரல்ல பாதிக்குத்தான் வந்துச்சு. கொம்புக்கு இன்னொரு பாதி கழிச்சா முஷ்டி. சரியா?"

சரி என்றேன்.

"இந்த லீவுக்கு வரேன்னு சொல்லியிருக்கா. வண்டி ரெடியாப்பான்னு கேட்டா." சிக்னல் விழுந்து வண்டி நகர்ந்ததும், "வாத்துகூட அவ ஒட்டினதுதான்," என்றார். ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டிருந்ததில் எனக்கு ஒரு வசதி, கண்ணைத் துடைத்தால் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டி கிடைத்தது. மங்கிய பச்சை நிறம், கொட்டகையின் கடைசியில், உடைந்த கட்டிலுக்குப் பின்னால். வாத்து ஒட்டியது. அடியில் சுருக்கம் இல்லை. சீட்டுக் கம்பி வெண்ணெயாகத் திரும்பியது. முழங்கையை வைத்தார், முஷ்டியை நீட்டினார். விரல் கணுக்கள் ஹேண்டிலில் போய் முட்டின. அவர் மூச்சை இழுத்துப் பிடித்ததை நான் பார்த்தேன்.

கடைக்காரர் முதல்முறையாக எழுந்து வந்தார். விஷயத்தை நான்தான் சொன்னேன். சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை.

"பாப்பாவுக்கா? முன்னாடியே சொல்லக் கூடாதா சார். என்ன படிக்கறா?"

"காலேஜ் சேரப் போறா."

கடைக்காரர் சைக்கிளைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "காலேஜா? அப்ப உங்க உசரம் வந்திருப்பாளே சார். கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"போன்ல பேசறா. அடிக்கடி பேசறா. வீடியோ மட்டும் வேணாம்ப்பா, தலை சீவலைன்னுவா."

மேலே பாலத்தில் லாரி போகும் அதிர்வில் தகரம் நடுங்கியது. ஊர்ப் பிள்ளைகளின் எலும்பில் வளர்ச்சியை நாள் தவறாமல் படம் பிடிக்கிற மனிதர், அந்தச் சின்ன வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையைத்தான் பார்த்தேன்.

முழங்கை சீட்டின் மூக்கிலேயே இருந்தது. முஷ்டி மெதுவாகத் திறந்தது. விரல்கள் கொஞ்சம் நீண்டு ஹேண்டிலைத் தாண்டின. அங்கே நின்று, திரும்பக் கொஞ்சம் மடங்கின. மறுபடி நீண்டன.